எந்த ஆற்று மீன்?

கொலராடோ மாநிலத்துக்கென்று ஒரு மீன் உண்டு. இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் உடனே சொல்வார்கள்: கிரீன்பேக் கட்த்ரோட் டிரவுட். மாநில மலர், மாநிலப் பறவை என்று வரிசையாக ஒப்பிக்கும்போது இதையும் சேர்த்தே ஒப்பிப்பார்கள். 1994இல் அது மாநில மீனாக அறிவிக்கப்பட்டது. அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டப்பட்டதோ 1872இல். ஆனால் அந்தப் பெயருக்கு உரிய மீன் எந்த ஓடையில் உயிரோடு இருக்கிறது என்பது 2012ஆம் ஆண்டுதான் தெரிய வந்தது. இடைப்பட்ட காலத்தில் அப்பெயரைச் சுமந்துகொண்டிருந்தது வேறொரு மீன்.

இக்கட்டுரையை எழுதும் நாங்கள் கணவனும் மனைவியும். இம்மாநிலத்தில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. தூண்டில் பிடித்தவர்கள் அல்லர். உயிரியல் படித்தவர்களும் அல்லர். இரவு உணவுக்குப் பின் ஏட்டுச் சுவடிகளைப் பற்றியும் பாடபேதங்களைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பதில் மகிழ்ச்சி காண்பவர்கள். ஒரு மீனின் வகைப்பாட்டைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் பேசத் துணிந்ததற்குக் காரணம், இது அடிப்படையில் ஒரு பெயரின் கதை என்பதுதான். அப்பெயரைப் பொறுத்துச் சில உயிர்கள் காக்கப்பட்டன, சில உயிர்கள் அழிக்கப்பட்டன என்பதால் இது வெறும் சொல்லாராய்ச்சியும் அன்று.

முதலில் மீனைச் சொல்லிவிடுவோம். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கே உரிய டிரவுட் வகைகளுள் ஒன்று கட்த்ரோட். அதன் கீழ்த்தாடையின் இருபுறமும் இரத்தக் கீற்றுப் போல ஒரு சிவப்புக் கோடு இருக்கும். கழுத்தறுபட்டது என்று பொருள்படும் கொடூரமான பெயர் அதனால் வந்தது. 1805இல் லூயிஸ், கிளார்க் இருவரும் தலைமையேற்றுச் சென்ற பயணக்குழு மிசோரி ஆற்றின் பேரருவிகளுக்கு அருகே இதைப் பிடித்தது. பின்னாளில் கிளார்க்கின் பெயரே இதன் விஞ்ஞானப் பெயரில் ஏறியது. குளிர்ந்து தெளிந்து ஓடும் நீர் இதற்கு வேண்டும். மலைப்பனி உருகும் பருவத்தில், ஓடைப் படுகையின் கூழாங்கற்களுக்கு இடையே பள்ளம் பறித்து முட்டையிடும்.

ராக்கி மலைத்தொடரின் முகடு கொலராடோவை வடக்கு தெற்காகப் பிளந்து செல்கிறது. முகட்டின் மேற்கே விழும் துளி கொலராடோ ஆற்றில் சேர்ந்து பசிபிக் திசை நோக்கிப் போகும். கிழக்கே விழுவது சவுத் பிளாட் ஆற்றிலோ ஆர்கன்சா ஆற்றிலோ சேரும். தெற்கே விழுவது ரியோ கிராண்டேயில். நீரில் வாழும் உயிரால் மலை முகட்டைக் கடக்க முடியாது. எனவே ஒவ்வோர் ஆற்றுப் படுகையிலும் கட்த்ரோட் தனித்தனியாக, பல்லாயிரம் ஆண்டுகள் தன் போக்கில் வாழ்ந்து, சிறிது சிறிதாக வேறுபட்டது. சவுத் பிளாட் ஆற்றின் தலைநீர்களில் வாழ்ந்ததே கிரீன்பேக். 1872இல் எட்வர்ட் டிரிங்கர் கோப் என்னும் விலங்கியலாளர் அதற்கு 'ஸ்டோமியாஸ்' என்ற பெயரைத் தந்தார். கிரீன்பேக் என்றால் பச்சை முதுகு. அமெரிக்க டாலர் நோட்டுக்கும் இதே பட்டப்பெயர் உண்டு. இரண்டுக்கும் தொடர்பில்லை என்றாலும், டாலரைத் தேடி மலையேறி வந்தவர்களால்தான் மீனுக்குக் கேடு வந்தது.

நம் இலக்கணத்தில் நிலம் முதற்பொருள். அந்நிலத்து உயிர்கள் கருப்பொருள். உயிரைச் சொன்னால் நிலம் விளங்கிவிடும். நிலத்தைச் சொன்னால் உயிரை ஊகித்துவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மீனியலாளர்களும் ஏறக்குறைய இம்முறையையே கையாண்டார்கள். செதில்களை எண்ணினார்கள், உடற்புள்ளிகளின் அளவையும் இடத்தையும் பார்த்தார்கள். ஆனால் அவை ஒரே ஓடையின் மீன்களுக்குள்ளேயே மாறுபடக் கூடியவை. ஐயம் வந்த இடத்தில் பிடித்த ஆறே முடிவு சொன்னது. சவுத் பிளாட்டில் பிடிபட்டால் கிரீன்பேக். முகட்டுக்கு மேற்கே பிடிபட்டால் கொலராடோ ஆற்றுக் கட்த்ரோட். ஆறு மாறாத வரையில், அதாவது மீன் தானாக மட்டுமே இடம்பெயரும் வரையில், இது நம்பத்தக்க முறைதான்.

*

1859இல் கொலராடோ மலைகளில் தங்க வேட்டை தொடங்கியது. சுரங்கக் கழிவு ஓடைகளில் கலந்தது. பாசனத்துக்கு ஆறுகள் திருப்பப்பட்டன. சுரங்க முகாம்களின் பசிக்கு மீன்கள் அளவின்றிப் பிடிக்கப்பட்டன. சில பத்தாண்டுகளில் ஓடைகள் வெறுமையாயின. அந்த வெறுமையை நிரப்ப அரசு கையாண்ட வழிதான் எங்களுக்கு இக்கதையின் மையமாகத் தோன்றுகிறது. மீன்குஞ்சு பொரிப்பகங்கள் கட்டப்பட்டன. 1885க்கும் 1953க்கும் இடையே மாநிலப் பொரிப்பகங்களும் கூட்டாட்சி அரசின் பொரிப்பகங்களும் கொலராடோவின் நீர்நிலைகளில் விட்ட மீன்கள் 75 கோடிக்கும் மேல். கிழக்குக் கடற்கரைப் பக்கத்திலிருந்து புரூக் டிரவுட் வந்தது. பசிபிக் கரையிலிருந்து ரெயின்போ டிரவுட் வந்தது. முகட்டின் மேற்கிலிருந்த கட்த்ரோட் கிழக்கே கொண்டுவரப்பட்டது. பால் கேன்களில் நீர் நிரப்பி, இரயிலிலும் கோவேறு கழுதையிலும் ஏற்றி, ஆளெட்டாத ஏரிகளிலும் மீன்களை விட்டார்கள்.

இதில் தீய எண்ணம் எதுவும் இல்லை. வெறும் ஓடையில் மீன் துள்ள வேண்டும் என்று விரும்பியவர்களின் செயல் அது. எங்களில் ஒருவர் நீலகிரியில் பிறந்தவர். அவலாஞ்சியில் 1907இல் வெள்ளையர் அமைத்த டிரவுட் பொரிப்பகத்தைப் பற்றிச் சிறுவயதிலேயே கேள்விப்பட்டவர். அந்த மலையோடைகளில் நிலைகொண்ட ரெயின்போவும், கொலராடோவின் கட்த்ரோட்டோடு கலந்து அதன் மரபைக் குலைத்த ரெயின்போவும் ஒரே சிற்றினம். அக்காலத்தில் உலகின் குளிர்ந்த ஓடைகளையெல்லாம் ஒன்றாக்கிவிடும் ஆசை பரவலாக இருந்தது போலும்.

விளைவு மூன்று வகையில் நேர்ந்தது. புரூக் டிரவுட் உணவிலும் இடத்திலும் போட்டியிட்டுக் கட்த்ரோட்டை வெளியேற்றியது. ரெயின்போ அதனோடு இணைந்து கலப்பினத்தை உண்டாக்கியது. மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாதது: மேற்கின் கட்த்ரோட் கிழக்கின் ஓடைகளில் அமர்ந்தவுடன், பிடித்த ஆற்றைக் கொண்டு பெயரைச் சொல்லும் முறை பொய்த்துப் போயிற்று. இலக்கணத்தில் இதற்குத் திணை மயக்கம் என்ற அழகான பெயர் உண்டு. கவிதையில் அது நயம். இங்கே அது மயக்கம் என்றே எவருக்கும் தெரியவில்லை என்பதுதான் இடர்ப்பாடு.

1937இல் கிரீன்பேக் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 1957இல், போல்டர் நகருக்கு மேற்கே கோமோ கிரீக் என்னும் சிற்றோடையில் சில கட்த்ரோட் மீன்கள் கண்டுபிடிக்கப்பட்டன. சவுத் பிளாட் படுகை. புள்ளிகளும் செதில்களும் பொருந்தின. ஆகவே கிரீன்பேக் மீண்டு வந்துவிட்டது என்றே முடிவு செய்யப்பட்டது. மேற்கு அமெரிக்க டிரவுட்களின் வகைப்பாட்டில் தம் தலைமுறையின் பேரறிஞராகக் கருதப்பட்ட ராபர்ட் பென்கியும் அவ்வாறே கருதினார். 1973இன் அருகிவரும் உயிரினங்கள் சட்டத்தின் கீழ் அதற்குப் பாதுகாப்புக் கிடைத்தது. மேலும் சில ஓடைகளிலும் அதே போன்ற மீன்கள் கிடைத்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அலுவலர்களும் தன்னார்வலர்களும் அவற்றை வளர்த்து, பெருக்கி, ஏரிகளில் விட்டார்கள். பட்டியலிலிருந்தே நீக்கிவிடலாம் என்று பேச்சு எழும் அளவுக்கு முயற்சி வெற்றி பெற்றிருந்தது.

2007இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஜெசிகா மெட்காஃப், ஆண்ட்ரூ மார்ட்டின் முதலியோர் அம்மீன்களின் மரபணுவைப் படித்தார்கள். கிரீன்பேக் என்று காக்கப்பட்டுவந்த ஒன்பது மீன்கூட்டங்களில் ஐந்து, உண்மையில் மேற்குச் சரிவைச் சேர்ந்த கொலராடோ ஆற்றுக் கட்த்ரோட். பழைய பொரிப்பகங்களின் பால் கேன்களில் முகட்டைக் கடந்து வந்தவற்றின் வழித்தோன்றல்கள் அவை.

*

அடுத்து அவர்கள் செய்ததைத்தான் சுவடியியலில் ஈடுபாடுள்ளவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. பெருகியிருக்கும் படிகள் அனைத்தும் கலப்புற்றவை என்று தெரிந்தால் பதிப்பாசிரியர் என்ன செய்வார்? கலப்பு நேர்வதற்கு முந்தைய ஏட்டைத் தேடிப் போவார். மீன்களுக்கும் அத்தகைய ஏடுகள் இருந்தன. 1857க்கும் 1889க்கும் இடையே, பெரும் மீன்விடுப்பு தொடங்குவதற்கு முன்போ தொடங்கிய வேளையிலோ, பயணிகளும் இயற்கையியலாளர்களும் பிடித்துச் சாராயத்தில் இட்டுவைத்த மீன்கள் ஸ்மித்சோனியனிலும், ஹார்வர்டிலும், ஃபிலடெல்ஃபியாவிலும், கலிஃபோர்னியாவிலும் உள்ள அருங்காட்சியகங்களின் குப்பிகளில் கிடந்தன. நூற்றைம்பது ஆண்டு காலம் சாராயத்தில் ஊறிய தசையில் மரபணு துண்டு துண்டாகச் சிதைந்திருக்கும். செல்லரித்த ஏட்டில் எழுத்துக் கூட்டிப் படிப்பது போல அத்துண்டுகளை ஒட்டிப் படித்தார்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் தொன்மரபணுவுக்கென்றே உள்ள ஆய்வகமும் இதில் பங்கேற்றது. மறுபுறம், எந்த ஆண்டு எந்த ஓடையில் எத்தனை மீன் விடப்பட்டது என்ற பழைய அரசுக் கணக்கேடுகள் தேடித் தொகுக்கப்பட்டன.

2012இல் முடிவு வெளியானது. தெற்கு ராக்கி மலைகளில் ஒரு காலத்தில் ஆறு வெவ்வேறு கட்த்ரோட் மரபுவழிகள் வாழ்ந்திருந்தன. கிரீன்பேக் என்று எஞ்சியிருந்த மற்றக் கூட்டங்களும் மேற்குச் சரிவின் மரபுவழியையே சேர்ந்தவை. சவுத் பிளாட்டின் பழைய குப்பி மீன்களோடு பொருந்திய உயிருள்ள மீன் ஒரே ஓரிடத்தில்தான் இருந்தது: கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்கு அருகே, பைக்ஸ் சிகரத்தின் சரிவில் ஓடும் பேர் கிரீக். சுமார் நான்கு மைல் நீளம், ஏறத்தாழ எழுநூற்றைம்பது மீன்கள். உலகில் மொத்தமே அவ்வளவுதான்.

வியப்பு இதோடு முடியவில்லை. பேர் கிரீக் சவுத் பிளாட் ஆற்றைச் சேர்ந்த ஓடை அன்று. ஆர்கன்சா ஆற்றில் கலப்பது. கிரீன்பேக் அங்கே இருக்க வழியே இல்லை. 1873இல் அவ்விடத்தில் நிலம் பெற்றுக் குடியேறிய ஜோசப் ஜோன்ஸ் என்னும் விடுதிக்காரர், பைக்ஸ் சிகரத்துக்கு ஏறும் சுற்றுலாப் பயணிகளைக் கவர்வதற்காகக் குளம் வெட்டி மீன் விட்டிருந்தார். அவர் விட்டவற்றின் வழித்தோன்றல்களே இவை. தாய் ஆற்றில் இருந்தவையெல்லாம் அழிந்தன. சொந்த நிலத்திலிருந்து பெயர்த்து வேறோர் ஆற்றில், வணிக நோக்கத்துக்காக விடப்பட்டவை மட்டும், எவரும் பொருட்படுத்தாமல் விட்டதனாலேயே பிழைத்தன. மீன்களை இடம்பெயர்த்த அதே பழக்கம்தான் ஓர் இனத்தை அழித்தது. அதே பழக்கம்தான் அதன் கடைசிக் கண்ணியைக் காத்தும் தந்தது.

இக்கதையை எங்கள் மகளுக்குச் சொன்னபோது அவள் கேட்ட கேள்வி இது: "அப்போ அது அந்த ஊர் மீனா, இல்லையாம்மா?" அவள் இங்கே பிறந்தவள். எந்த ஊர் என்று பிறர் அவளைக் கேட்பதும், அவள் டென்வர் என்று சொல்வதும், அது சரி, உண்மையில் எந்த ஊர் என்று அவர்கள் மறுபடி கேட்பதும் எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. மரபைக் கேட்டால் சவுத் பிளாட் மீன். வாழ்வைக் கேட்டால் நூற்றுநாற்பது ஆண்டுகளாகப் பேர் கிரீக் மீன். இரண்டும் உண்மை என்று சொன்னோம். அவள் அதை ஏற்றுக்கொண்டாள். எந்த உண்மையைக் கொண்டு சட்டம் எழுதுவது என்பதுதான் பெரியவர்களின் சிக்கல்.

*

தொல்காப்பியத்தின் கடைசி இயலுக்கு மரபியல் என்று பெயர். எந்த உயிரின் இளமையை எச்சொல்லால் வழங்குவது, ஆணை எப்படி, பெண்ணை எப்படி என்று அது விரித்துச் செல்கிறது. உயிர்களை அறிவின் அடிப்படையில் ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கவும் செய்கிறது. மரபு என்றால் அங்கே பெயர் வழங்கும் வழக்கு, முன்னோர் அவ்வாறு சொன்னதனால் நாமும் அவ்வாறே சொல்வது. இன்றைய தமிழில் அதே சொல்லை எடுத்து மரபணு என்கிறோம். இங்கே மரபு என்பது குருதியில் இறங்கி வருவது. கிரீன்பேக்கின் கதை இந்த இரண்டு மரபுகளும் மோதிக்கொண்ட கதை என்று எங்களுக்குப் படுகிறது. வழக்கு ஒரு மீனைக் காட்டியது. குருதி வேறொன்றைக் காட்டியது.

மோதலின் விலை சிறியதன்று. உரிய மீனை ஓர் ஏரிக்கோ ஓடைக்கோ மீட்டுக் கொண்டுவர வேண்டுமானால், அங்கே ஏற்கெனவே உள்ள பிற மீன்களை முதலில் அகற்ற வேண்டும். ரோட்டினோன் என்னும் தாவர நஞ்சை நீரில் கலப்பதே இதற்குப் பெரும்பாலும் கையாளப்படும் வழி. செவுள் வழியே உட்புகுந்து மீனைக் கொல்லும். பின்னர் சிதைந்து மறைந்துவிடும். அகற்றப்படுபவை எந்தக் குற்றமும் செய்யாத மீன்கள். அவற்றின் முன்னோர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் மனிதர்கள். ஒரு பெயர்ப் பட்டியலின் எந்த வரியில் இருக்கிறது என்பதே ஓர் உயிர் அந்நீரில் இருக்கலாமா கூடாதா என்பதைத் தீர்மானிக்கிறது. வகைப்பாடு என்பது நூலக அலமாரியின் எண் போன்றது என்று எண்ணுபவர்கள், ரோட்டினோன் ஊற்றப்பட்ட ஏரியின் கரையை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மாற்றுத் தரப்பும் உண்டு. பெயர் பிழை என்று தெரிந்த பின்னும் கோமோ கிரீக் மீன்கள் மதிப்பிழந்துவிடவில்லை. அவையும் ராக்கி மலைகளின் தொல்குடி மீன்களே. தம் சொந்தச் சரிவில் அவற்றின் இனமும் நெருக்கடியில் உள்ளதே. முப்பது ஆண்டு உழைப்பு வீண் என்று அன்று சிலர் எழுதினார்கள். எங்களுக்கு அவ்வாறு தோன்றவில்லை. குளிர்ந்த நீரைக் காத்தார்கள், ஓடைகளைத் துப்புரவாக்கினார்கள், மீனை வளர்க்கும் கலையைக் கற்றார்கள். சரியான மீன் கிடைத்தபோது அந்தக் கலை அவர்கள் கையில் ஆயத்தமாக இருந்தது. பிழையான பதிப்பை வெளியிட்டவர்கள் இல்லாமல் திருத்திய பதிப்பு வந்ததில்லை என்பது நம் பதிப்பு வரலாறு அறிந்தவர்களுக்குத் தெரியும்.

அற்றுப்போனது என்ற சொல்லும் ஒரு வகைப்பாடுதான். 2012இன் ஆய்வு ஆறு மரபுவழிகளில் இரண்டு முற்றிலும் அழிந்ததாகச் சொன்னது. ஒன்று லெட்வில் நகருக்கு அருகே ட்வின் லேக்ஸ் ஏரிகளில் வாழ்ந்த, மஞ்சள் துடுப்புடைய பெரிய கட்த்ரோட். 1889இல் டேவிட் ஸ்டார் ஜோர்டன் சேகரித்தவை குப்பிகளில் உள்ளன, ஏரியில் இல்லை. மற்றொன்று தென்மேற்கில் சான் வான் ஆற்றுக்கு உரியது. 1874இல் சார்ல்ஸ் எய்க்கன் என்பவர் பகோசா ஸ்பிரிங்ஸ் அருகே பிடித்த மீன்கள் ஸ்மித்சோனியனில் கிடந்தன. 2018இல், அவற்றோடு பொருந்தும் மீன்கள் ஆளரவமற்ற சில ஓடைகளில் உயிரோடு இருப்பதாக மாநில வனவிலங்குத் துறை அறிவித்தது. ஒரு பெயர் பட்டியலின் இறந்தோர் பத்தியிலிருந்து எழுந்து வந்தது. மற்றது அங்கேயே இருக்கிறது.

பட்டியலும் ஓய்ந்தபாடில்லை. கட்த்ரோட் முழுவதையும் ஒரே சிற்றினமாகக் கொண்டிருந்த வழக்கை மாற்றி, 2023இல் அமெரிக்க மீன்வள அறிஞர்களின் பெயர்த் தொகுப்பு அதை நான்கு சிற்றினங்களாகப் பிரித்தது. அதன்படி கிரீன்பேக்கின் பெயரில் இருந்த கிளார்க் விலகினார்; விர்ஜினாலிஸ் என்ற சொல் வந்தது. நீரில் உள்ள மீனுக்கு இதனால் எந்த வேறுபாடும் இல்லை. ஆனால் நாளை ஒரு நீதிமன்றத்தில், ஓர் அணைத் திட்டத்தின் கோப்பில், அந்தச் சொல்லுக்கு வேறுபாடு இருக்கும்.

*

பேர் கிரீக்கிலிருந்து எடுத்த மீன்களின் முட்டையையும் விந்தையும் கொண்டு பொரிப்பகங்களில் குஞ்சுகள் வளர்க்கப்பட்டன. ஒரு சில மீன்களிலிருந்து தோன்றிப் பல தலைமுறைகள் தமக்குள்ளேயே பெருகியவை ஆதலால் அவற்றின் மரபு வளம் குறுகியிருந்தது. குஞ்சுகள் பிழைப்பதே அரிதாக இருந்தது. 2014இல் சவுத் பிளாட் படுகையின் சிம்மர்மேன் ஏரியில் அவை விடப்பட்டன. அடுத்து, டென்வருக்கு மேற்கே ஹெர்மன் கல்ச் என்னும் மலைப்பள்ளத்தாக்கின் ஓடை. அங்கே மேலே செல்ல மோட்டார் வண்டிப் பாதை இல்லை. தன்னார்வலர்கள் நீர் நிரப்பிய பைகளில் மீன்குஞ்சுகளை இட்டு, முதுகில் சுமந்து, ஏறக்குறையப் பத்தாயிரம் அடி உயரத்திலிருந்து தொடங்கும் நடைபாதையில் ஏறினார்கள். 2022 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது: ஹெர்மன் கல்ச்சில் கிரீன்பேக் தானாக இனப்பெருக்கம் செய்யத் தொடங்கியிருக்கிறது. எவரும் கொண்டுவந்து விடாத கிரீன்பேக், தன் தாய் ஆற்றின் தலைநீரில், நெடுங்காலத்துக்குப் பின் பிறந்திருந்தது.

அதற்கடுத்த கோடையில் நாங்களும் அப்பாதையில் நடந்தோம். காட்டுப் பூக்களின் பருவம். ஓடை ஓரிடத்தில் தேங்கிச் சிறு மடுவாகும் இடத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். நிழல் ஒன்று கல்லின் அடியிலிருந்து வந்து, நீரோட்டத்தை எதிர்த்து அசையாமல் நின்று, மீண்டும் மறைந்தது. விரலளவு மீன். அதன் முதுகு பச்சையா, தாடையில் சிவப்புக் கீற்று இருந்ததா என்று எங்களால் சொல்ல இயலாது. செதிலை எண்ணிப் பார்த்தாலும் அதன் பெயர் தெரிந்திருக்கப் போவதில்லை. குப்பிகளில் சாராயத்தில் கிடந்த மூதாதையர்களும், கணக்கேட்டைத் தேடி எடுத்தவர்களும், முதுகில் சுமந்து ஏறியவர்களும் சேர்ந்து சொன்னதனால்தான் அது கிரீன்பேக். பெயர் என்பது இவ்வளவு பேருடைய சாட்சியம். அதில் ஒரு சாட்சி தவறினாலும் பெயர் வேறொன்றின் மேல் போய் அமர்ந்துவிடும். பெயரை இழந்தது எவர் கண்ணிலும் படாமல் அழிந்துபோகும். ட்வின் லேக்ஸின் மஞ்சள் துடுப்புக்கு ஒரு ஜோசப் ஜோன்ஸ் வாய்க்கவில்லை.